ஹெட் தேய்ந்தால் கம்பிரஸரையே தூக்கிக் கொடுப்பதா?



நீளமான பதிவுதான். முழுவதும் படிக்க நேரமில்லாதவர்கள், டாங்க்கைப் பற்றி எழுதியிருக்கும் பகுதியை மட்டுமாவது படித்துவிட்டுப் போங்கள். அது உயிர் சம்பந்தப்பட்டது.

"ரிப்பேர் பண்றது வேஸ்ட்" என்ற வாக்கியத்தை இந்த இரண்டு வாரத்தில் எத்தனை பேர் வாயிலிருந்து கேட்டுவிட்டேன்! கடைக்காரர் சொன்னார். சரி, அவர் விற்கிறவர், சொல்லத்தான் செய்வார். இன்ஜினியரிங் படித்த பிள்ளைகளும் அதையே திருப்பிச் சொல்லும்போதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அதனால்தான் இந்தப் பதிவு.

விஷயம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இந்திரா நகரில் இருக்கும் என் அக்கா மகன் பகலில் ஒப்பந்த வேலைக்குப் போகிறான். சாயங்காலமும் ஞாயிற்றுக்கிழமையும் வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் டூவீலருக்கும் இரும்பு கேட்டுக்கும் ஸ்பிரே பெயிண்ட் அடிக்கிறான். பெண்ணின் காலேஜ் ஃபீஸ் அந்தக் கொட்டகையிலிருந்துதான் வருகிறது. அவனுடைய ஏர் கம்பிரஸர் 1.5 ஹெச்.பி. மோட்டார், 100 லிட்டர் டாங்க், பெல்ட் போட்டு ஓடுகிற பழைய மாதிரி. பதினோரு வருஷம் உழைத்துவிட்டது. இப்போது டாங்க் நிறைய 18 நிமிடம் ஆகிறது. கன்னை அழுத்தினால் பாதி கேட் முடிவதற்குள் காற்று தளர்ந்துவிடுகிறது. காட்டப் போன கடையில் ஒரு ஸ்பானரைக்கூடக் கையில் எடுக்கவில்லை. சத்தத்தைக் கேட்டுவிட்டு, "ஹெட் போயிடுச்சு. ரிப்பேர் பண்றது வேஸ்ட். பழசைக் கொடுத்துட்டுப் புதுசு எடுத்துக்கோங்க, மூவாயிரம் கழிச்சுக்கறேன்" என்று முடித்துவிட்டார்கள்.

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இதைப் போட்டான். சென்னையில் இருக்கும் பெண், "பெரியப்பா, இந்தக் காலத்துல யார் இதையெல்லாம் பிரிச்சுப் பார்த்துட்டு இருக்காங்க" என்றாள். டெக்சாஸ்காரர் ஒரு லிங்க் அனுப்பினார். என் பழைய மாணவர் ஒருவர், இன்று பெரிய பதவியில் இருப்பவர், எனக்குத் தனியாக எழுதினார்: "சார், நேரத்துக்கும் ஒரு விலை இருக்கு." எல்லோரும் அன்போடுதான் சொன்னீர்கள். எல்லோரும் தப்பாகவே சொன்னீர்கள்.

கம்பிரஸர் என்பது ஒரே பொருள் கிடையாது. மோட்டார், ஹெட், டாங்க் என்று மூன்று தனித்தனிப் பொருள்கள். மோட்டாரையும் ஹெட்டையும் ஒரு பெல்ட் இணைக்கிறது. ஹெட்டையும் டாங்க்கையும் ஒரு குழாய் இணைக்கிறது. மூன்றுக்கும் ஆயுள் வேறு. மோட்டார் எரிந்தால் காயில் கட்டலாம். ஹெட்டுக்குள் பிஸ்டன் மேலும் கீழும் ஓடுகிறது, உரசுகிறது, அதனால் தேய்கிறது, தேயத்தான் வேண்டும். டாங்க் அசையாமல் நிற்கிறது, ஆனால் உள்ளே தண்ணீர் தேங்கித் துரு அரிக்கிறது. ஒன்று உரசிச் சாகிறது, இன்னொன்று ஊறிச் சாகிறது. இரண்டும் ஒரே நாளில் சாவதில்லை. அப்படியிருக்க ஒன்று போனதற்கு மூன்றையும் சேர்த்துக் கொடு என்றால், ஒரு டயர் தேய்ந்ததற்கு வண்டியைக் கொடு என்பதுதானே?

இதை வேறு ஊர்க்காரர்கள் சொன்னால் பொறுத்துக்கொள்வேன். நெய்வேலிக்காரர்கள் சொல்லலாமா?

நம் சுரங்கத்தில் பழுப்பு நிலக்கரிப் படுகைக்குக் கீழே நிலத்தடி நீர் அழுத்தத்தோடு நிற்கிறது. ராத்திரி பகல் பார்க்காமல் அதை இறைத்து அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே இருந்தால்தான் சுரங்கத்தின் தரை பொங்காமல் இருக்கும். 1957 மே மாதம் நேரு வந்து தோண்டும் வேலையைத் தொடங்கிவைத்தார். 1961-ல் கரி கண்ணில் பட்டது. அன்றிலிருந்து இறைப்பதை நிறுத்த முடியாது. அத்தனை வருஷம் ஓடிய பம்புகள் தேயாமலா இருந்தன? தேய்ந்த பம்பை மேலே தூக்கினார்கள், வேறு பம்பை இறக்கினார்கள். பம்ப் தேய்ந்துவிட்டதென்று யாராவது சுரங்கத்தை மூடினார்களா? ஜெர்மனியிலிருந்து வந்த பக்கெட் வீல் இயந்திரங்களைச் சின்ன வயதில் டூர் போய்ப் பார்த்திருப்பீர்கள். கடலூர் மணற்பாறையைக் கடித்துக் கடித்து அதன் பற்கள் மழுங்கும். பல்லைத்தான் மாற்றுவார்கள். முதல் அனல் மின் நிலையம் சோவியத் உதவியோடு 1962-ல் மின்சாரம் கொடுக்கத் தொடங்கி 2020 வரை ஓடியது. 58 வருஷம். நடுவில் தொண்ணூறுகளில் அதற்கு ஆயுள் நீட்டிப்பு வேலை நடந்ததை உங்களில் பலர் வீட்டில் பேசக் கேட்டிருப்பீர்கள். உங்கள் அப்பாக்களில் பாதிப் பேர் பார்த்த வேலையே தேய்ந்ததைக் கழற்றி நல்லதை மாட்டுவதுதான். அந்தச் சம்பளத்தில்தான் நீங்கள் டவுன்ஷிப் பள்ளிகளில் படித்தீர்கள். இப்போது அதே பிள்ளைகள் "ரிப்பேர் பண்றது வேஸ்ட்" என்கிறீர்கள்.

சரி, உணர்ச்சியை விட்டுவிட்டுக் கணக்குக்கு வருவோம். கணக்கு இல்லாமல் பேசினால் என் வகுப்பில் உட்கார வைக்க மாட்டேன் என்பது தெரியும்.

பாயில் விதி ஞாபகம் இருக்கிறதா? 100 லிட்டர் டாங்க்கில் கேஜ் 8 கிலோ காட்ட வேண்டுமானால், வெளிக்காற்றில் ஏறக்குறைய 800 லிட்டரை உள்ளே தள்ள வேண்டும். இவன் ஹெட்டில் இரண்டு சிலிண்டர். உள்விட்டம் 65 மி.மீ., ஸ்ட்ரோக் 50 மி.மீ. ஒரு சுற்றுக்கு இரண்டும் சேர்ந்து 332 மி.லி. காற்றை அள்ளும். மோட்டார் நிமிடத்துக்கு 1,440 சுற்று. 5 அங்குலப் புல்லியிலிருந்து ஹெட்டின் 12 அங்குல வீலுக்குப் போகும்போது அது 600 சுற்றாகிறது. பெருக்கினால் நிமிடத்துக்கு 199 லிட்டர். அள்ளுவதெல்லாம் டாங்க்குக்குப் போய்ச் சேராது. சிலிண்டர் மேல்மூலையில் மிஞ்சும் காற்று, சூட்டில் விரியும் காற்று, வால்வ் இடுக்கில் திரும்பும் காற்று என்று கழித்துவிட்டால், நல்ல நிலையில் இருக்கும் ஹெட் பத்தில் ஏழு பங்கு கொடுக்கும். 140 லிட்டர் என்று வையுங்கள். 800-ஐ 140-ஆல் வகுத்தால் ஆறு நிமிடம்கூட இல்லை. 18 நிமிடம் ஆகிறதென்றால் மூன்றில் ஒரு பங்கு காற்றுதான் போய்ச் சேருகிறது.

ஆனால் மீதி இரண்டு பங்கைத் தின்றது ஹெட்தான் என்று எப்படித் தெரியும்? இங்கேதான் எனக்குக் கடைக்காரரோடு சண்டை. காற்று குறைவது நோயின் அறிகுறி. நோய் பத்து இடத்தில் இருக்கலாம். ஏர் ஃபில்டரில் பெயிண்ட் தூசி அடைத்திருக்கலாம். கழற்றிவிட்டு ஓட்டிப் பார்க்க ஒரு நிமிடம் போதும். பெல்ட் வழுக்கலாம். டாங்க்குக்குள் போன காற்றைத் திரும்ப விடாமல் தடுக்கும் என்.ஆர்.வி. ஒழுகலாம். அடியில் இருக்கும் டிரெயின் காக்கில் கசியலாம். சோப்புத் தண்ணீர் தடவினால் குமிழி சொல்லிவிடும். ஃபில்டரைக் கழற்றி, காற்று உள்ளே போகும் வாயில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். உறிஞ்சுவதற்குப் பதிலாகப் புஸ் புஸ் என்று வெளியே ஊதினால் வால்வ் பிளேட்டில் கரி பிடித்திருக்கிறது அல்லது தகடு உடைந்திருக்கிறது. மேல் மூடியின் நான்கைந்து போல்ட்டைக் கழற்றிச் சுத்தம் செய்து, புது கேஸ்கட் போட்டால் பாதிக் கம்பிரஸர்கள் பிழைத்துக்கொள்ளும். ஹெட்டையே மாற்றுவது இத்தனைக்கும் அப்புறம் வருகிற கேள்வி. கம்பிரஸரையே மாற்றுவது அதற்கும் அப்புறம். கடையில் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் எழுதிவிட்டார்கள்.

நாங்கள் பிரித்துப் பார்த்தோம். ஞாயிற்றுக்கிழமை காலை அவனும் நானும் அவன் பெண்ணும். இவன் விஷயத்தில் ஹெட் நிஜமாகவே முடிந்துபோயிருந்தது. சிலிண்டர் சுவரில் நீளநீளமாகக் கீறல், நகம் மாட்டுகிறது. ரிங்குகள் இளைத்து எண்ணெயை மேலே விட்டுவிட்டன. பெயிண்ட் அடித்த இடத்தில் சின்னச் சின்னக் குழி விழுகிறது என்று ஆறு மாதமாகப் பெயிண்ட் கம்பெனியைத் திட்டிக்கொண்டிருந்தானே, அது இந்த எண்ணெய்தான். கனெக்டிங் ராடின் கீழ்முனையும் ஆடியது. சிலிண்டரை போர் அடித்து, பெரிய சைஸ் பிஸ்டன் போட்டு, கிராங்க்கையும் சரிசெய்தால் ஏறக்குறைய புது ஹெட் விலையே ஆகிவிடும். அதனால் அந்த ஹெட்டை விட்டுவிடலாம் என்று சொன்னதும் நான்தான். பழசு என்பதற்காக எதையும் கட்டிக்கொண்டு அழும் ஆள் நான் இல்லை.

புது ஹெட் மட்டும் தனியாகக் கோயம்புத்தூரிலிருந்து வந்தது. எல்ஜி அங்கே 1960-ல் தொடங்கியது (கொரியா எல்ஜி இல்லை, நம்ம ஊர் எல்ஜி). மோட்டார், பம்ப், கம்பிரஸர் என்று அந்த ஊரில் தெருவுக்குத் தெரு பட்டறை. ஹெட்டைத் தனியாகக் கேட்டால் யாரும் விநோதமாகப் பார்ப்பதில்லை. லாரி வாடகையும் சேர்த்து, கடையில் சொன்ன புதுக் கம்பிரஸர் விலையில் பாதிகூட ஆகவில்லை. மிச்சப்பட்ட பணம் அவன் பெண்ணின் ஒரு செமஸ்டர் ஃபீஸுக்கு வந்துவிடும். "நேரத்துக்கு விலை" என்று எழுதிய தம்பிக்கு ஒரு கேள்வி. அந்தப் பணத்தைச் சம்பாதிக்க அவன் எத்தனை சாயங்காலம் முகமூடி கட்டிக்கொண்டு கேட்டுக்கு முன்னால் குனிந்து நிற்க வேண்டும் என்று கணக்குப் போட்டீர்களா? அந்த நேரத்துக்கு விலை கிடையாதா?

மாற்றுவது என்றால் எதையாவது வாங்கி மாட்டுவதும் இல்லை. அதிலும் அறிவு வேண்டும். "பெரிய ஹெட்டா போட்டுடுங்க, சீக்கிரம் நிறையும்" என்று ஒருவர் யோசனை சொன்னார். பெரிய ஹெட்டைச் சின்ன மோட்டார் தலையில் வைத்தால் மோட்டார் எரியும். சிலிண்டர் அளவையும் சுற்றையும் பெருக்கி, பழைய ஹெட்டின் கணக்குக்குப் பக்கத்தில் வருகிறதா என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும். கொஞ்சம் கூடினால் மோட்டார் புல்லியைச் சின்னதாக்கி ஈடுகட்டலாம். கை வைப்பதற்கு முன்னால் பிளக்கைப் பிடுங்குங்கள். டாங்க் காற்றை முழுக்க வெளியே விட்டு, கேஜ் பூஜ்யத்துக்கு வந்தபின் தொடுங்கள். என்.ஆர்.வி.யைப் புதுசாகப் போடுங்கள். கரி பிடித்த பழைய குழாயையும் சேர்த்து மாற்றிவிடுங்கள். இரண்டு புல்லியும் ஒரே கோட்டில் இருக்கிறதா என்று நேரான சட்டத்தை வைத்துப் பாருங்கள். ஹெட் வீலில் அம்புக்குறி இருக்கும், அந்தப் பக்கமே சுற்ற வேண்டும். ஏனென்றால் அந்த வீலின் ஆரங்கள்தான் ஹெட்டைக் குளிரவைக்கும் விசிறி. திருப்பிச் சுற்றினாலும் டாங்க் நிறையும், யாருக்கும் தெரியாது. ஆனால் ஹெட் வெந்துபோகும். எண்ணெய் விஷயத்தில் பைக்குக்கு ஊற்றி மிச்சமானதை ஊற்றாதீர்கள். கம்பிரஸர் ஆயில் என்றே விற்கிறார்கள், நம் வெயிலுக்கு 100 கிரேடு. முதல் அரை மணி நேரம் டிரெயின் காக்கைத் திறந்துவைத்து, பாரம் இல்லாமல் ஓடவிடுங்கள். மூடிவிட்டு ஓட்டியபோது டாங்க் ஐந்தே முக்கால் நிமிடத்தில் நிறைந்தது. கேஜைப் பார்த்து நேரம் குறித்தவள் அந்தப் பெண். பி.காம். படிக்கிறாள். என்னிடம் பிசிக்ஸ் படித்த எத்தனை பேருக்கு அந்தப் பொறுமை இருக்கிறது?

லிங்க் அனுப்பிய டெக்சாஸ்காரருக்குத் தனியாக ஒரு வார்த்தை. நீங்கள் காட்டியது பெல்ட் இல்லாத, எண்ணெய் இல்லாத, மோட்டார் ஷாஃப்ட்டிலேயே பிஸ்டன் மாட்டியிருக்கும் வகை. அது 2,800 சுற்றுக்குப் பக்கத்தில் ஓடும், தெருவே எழுந்து வரும் சத்தம். மாதத்துக்கு இரண்டு தரம் சைக்கிளுக்குக் காற்றடிக்கிறவர் வாங்கட்டும், நான் குறுக்கே நிற்கவில்லை. தினம் மூன்று மணி நேரம் பெயிண்ட் அடிக்கிறவனுக்கு அது ஆகாது. அதில் தேய்ந்ததை மட்டும் கழற்றி மாற்றுவதும் லேசில்லை. லேசாக இருக்கக்கூடாது என்றே செய்யப்பட்ட பொருள் அது.

அதைச் சொன்னதும் என் நிஜமான கோபத்துக்கு வந்துவிட்டேன். கோயம்புத்தூர் ஹெட் வந்ததே, அதன் அடியில் இருந்த நான்கு போல்ட் ஓட்டையும் பழைய ஹெட்டின் ஓட்டையோடு பொருந்தவில்லை. 8 மி.மீ. வித்தியாசம். தடித்த தகடு வெட்டி, புதுசாக ஓட்டை போட்டு, நடுவில் வைத்துத்தான் மாட்டினோம். அரைநாள் அதிலேயே போனது. மோட்டாரில் இந்தத் தொல்லை உண்டா? மோட்டாரின் தகட்டில் ஃபிரேம் 90 என்று இருந்தால், கால் அடியிலிருந்து ஷாஃப்ட்டின் நடு வரைக்கும் 90 மி.மீ. எந்தக் கம்பெனி மோட்டாரானாலும் அதேதான். போல்ட் ஓட்டைக்கும் அளவு வகுத்து வைத்திருக்கிறார்கள். இந்தியத் தரம் ஐ.எஸ். 1231 அதற்குத்தான் இருக்கிறது. ஒரு கம்பெனி மோட்டாரைக் கழற்றிவிட்டு இன்னொரு கம்பெனி மோட்டாரைக் கண்ணை மூடிக்கொண்டு மாட்டலாம். மோட்டாருக்கு முடிந்தது பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும் ஹெட்டுக்கு மட்டும் ஏன் முடியவில்லை? ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒவ்வொரு இடைவெளி. அந்த அளவைக்கூடப் பலர் விளம்பரத் தாளில் போடுவதில்லை.

2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை, பழுது பார்க்கும் உரிமைக்காக ஒரு குழு அமைத்தது. அந்த வருஷமே டிசம்பர் 24, தேசிய நுகர்வோர் தினத்தன்று அதற்கு ஓர் இணையதளமும் தொடங்கினார்கள். விவசாயக் கருவிகள், செல்போன் வகையறா, வீட்டு உபயோகப் பொருள்கள், வாகனங்கள் என்று நான்கு துறைகளை எடுத்துக்கொண்டார்கள். நல்ல காரியம், வரவேற்கிறேன். ஆனால் பஞ்சர் கடை, டிங்கரிங் ஷெட், பெயிண்ட் கொட்டகை இவற்றின் கருவி அந்த நான்கில் எதிலும் பெயர் சொல்லி இல்லை. செல்போன் உடைந்தால் மனசு உடையும். கம்பிரஸர் நின்றால் அடுப்பு நிற்கும். எது முதலில் வந்திருக்க வேண்டும்?

இப்போது டாங்க். இதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன்.

வகுப்பில் மாக்டபர்க் அரைக்கோளங்களைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன். 17-ஆம் நூற்றாண்டில் ஓட்டோ வான் கெரிக் இரண்டு அரைக்கோளங்களைச் சேர்த்து உள்ளே இருந்த காற்றை எடுத்துவிட்டார். பக்கத்துக்கு எட்டுக் குதிரை கட்டி இழுத்தும் பிரிக்க முடியவில்லை. அது ஒரே ஒரு வளிமண்டல அழுத்தம். கொட்டகை டாங்க்கில் இருப்பது அதைப் போல எட்டு மடங்கு. 40 செ.மீ. விட்டம் உள்ள டாங்க்கின் ஒரு பக்க மூடியை 8 கிலோ அழுத்தம் எவ்வளவு விசையோடு தள்ளுகிறது? பரப்பு 1,256 சதுர செ.மீ., எட்டால் பெருக்குங்கள். பத்து டன். அந்தப் பத்து டன்னைப் பிடித்துக்கொண்டிருப்பது சில மி.மீ. தடிமன் இரும்பும் ஒரு வெல்டிங் கோடும்தான். டாங்க் வெடித்தால் வெளிவரும் சக்தி சுமார் ஒரு லட்சம் ஜூல். ஒரு டன் எடையை 10 மீட்டர் உயரத்திலிருந்து கீழே போடுவதற்குச் சமம். அதற்குப் பக்கத்தில்தான் நம் ஆட்கள் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து டீ குடிக்கிறார்கள்.

அழுத்தம் என்றால் என்னவென்று நெய்வேலிக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். 2020 ஜூலை 1-ஐ இந்த ஊரில் யாரும் மறந்திருக்க மாட்டோம்.

ஹெட் தேய்ந்தால் சத்தம் போடும், காற்று குறையும், எண்ணெய் துப்பும். ஆறு மாதம் முன்னாலேயே புலம்பத் தொடங்கிவிடும். டாங்க் ஒரு வார்த்தை பேசாது. காற்றில் இருக்கும் ஈரம் அழுத்தத்தில் தண்ணீராகி அடியில் தேங்குகிறது. நம் ஊர் ஐப்பசி, கார்த்திகையில் ஒரு நாள் ஓட்டினாலே டிரெயின் காக்கிலிருந்து எவ்வளவு தண்ணீர் வருகிறது என்று பாருங்கள். தினமும் திறந்துவிடாதவர்கள் டாங்க்கின் வயிற்றில் துரு வளர்க்கிறார்கள். வெளியே பளபளவென்று பெயிண்ட் இருக்கும், உள்ளே இரும்பு பாதியாகியிருக்கும்.

அதனால் ஹெட் மாற்றும்போது டாங்க்கைச் சோதிக்காமல் மாட்டக்கூடாது. நாங்கள் வடலூர் பக்கத்தில் ஒரு ஃபேப்ரிகேஷன் பட்டறைக்குக் கொண்டுபோனோம். டாங்க் நிறையத் தண்ணீர் நிரப்பி, உள்ளே துளி காற்று இல்லாமல் பார்த்து, கைப்பம்பால் 12 கிலோ வரை ஏற்றினார்கள். வேலை அழுத்தத்தைப் போல ஒன்றரை மடங்கு. அரை மணி நேரம் கேஜ் முள் அசையவில்லை, எங்கும் வியர்க்கவும் இல்லை. தண்ணீர் ஏன் என்றால், தண்ணீர் சுருங்காது. டாங்க் விட்டுக்கொடுத்தாலும் ஒரு பீய்ச்சலோடு அழுத்தம் இறங்கிவிடும். காற்றை ஏற்றிச் சோதிக்கிறேன் என்று யாராவது சொன்னால் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள். அடிப்பக்கத்தின் தடிமனையும் கருவி வைத்துப் பார்த்தோம். புது சேஃப்டி வால்வ் போட்டோம். இதில் தேறாத டாங்க்கில் வெல்டிங் வைத்து ஓட்டையை அடைப்பது கொலை முயற்சி. யூடியூப் பார்த்து ஃபிரிட்ஜ் கம்பிரஸரைப் பழைய கேஸ் சிலிண்டரில் மாட்டும் பையன்கள், காற்றுக்கு பி.வி.சி. குழாய் போடும் புத்திசாலிகள், சேஃப்டி வால்வ் கசிகிறதென்று பிளக் போட்டு அடைப்பவர்கள், எல்லோரும் இதே கட்சி. இவர்கள் செய்வதற்கு ரிப்பேர் என்று பெயர் சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

2025 வரை அமலில் இருந்த தொழிற்சாலைகள் சட்டம் 1948, அதன் 31-வது பிரிவில், அழுத்தத்தில் இயங்கும் எந்தச் சாதனமும் பாதுகாப்பான அளவைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னது. அது தொழிற்சாலைக்கு. வீட்டுக் கொட்டகைக்கு எந்த இன்ஸ்பெக்டரும் வர மாட்டார். அங்கே இன்ஸ்பெக்டர் நீங்கள்தான்.

இனி அந்த மூவாயிரம் ரூபாய்க்கு வருகிறேன். பழைய கம்பிரஸரைக் கடைக்காரர் எதற்கு வாங்குகிறார்? பழைய இரும்பு விலைக்கு மேலேயே கொடுக்கிறாரே, எதற்கு? குழுவில் ஒருவர்கூட இதைக் கேட்கவில்லை. மலிவான ஹெட் ஒன்றை மாட்டி, டாங்க்குக்குச் சிவப்பு பெயிண்ட் அடித்து, ரோட்டோரப் பஞ்சர் கடைக்கோ புதுசாக ஷெட் போடும் ஒரு பையனுக்கோ விற்பதற்குத்தான். தண்ணீர் வைத்துச் சோதித்துவிட்டு விற்கும் ஒருவரையும் நான் இதுவரை பார்க்கவில்லை. புதுசு வாங்கியதும் பழசு ஒழிந்தது என்று நீங்கள் நினைக்கிறீர்கள். அது ஒழியவில்லை. உங்களைவிடக் காசு குறைந்த ஒருவன் முதுகுக்குப் பின்னால் போய் நிற்கிறது. அவன் குத்துக்காலிட்டு டியூபைத் தண்ணீரில் முக்கிக்கொண்டிருப்பான், ஓர் அடி தள்ளி உங்கள் பதினோரு வருஷத் துரு 8 கிலோ அழுத்தத்தில் இருக்கும். "புதுசு வாங்கிக்கோ" என்று சொன்னவர்கள் அவனையும் சேர்த்து ஒரு நிமிடம் யோசித்திருந்தால் இந்தப் பதிவுக்கு வேலையே இருந்திருக்காது.

உங்கள் டாங்க் சோதனையில் தேறவில்லை என்றால் எக்ஸ்சேஞ்சில் கொடுக்காதீர்கள். காற்றை முழுக்க விட்டு, வால்வுகளையெல்லாம் கழற்றிவிட்டு, நடு வயிற்றில் கையகலத்துக்குக் கட்டரால் வெட்டிவிடுங்கள். பிறகு பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போடுங்கள். சில நூறு ரூபாய் குறையும், குறையட்டும். பழைய ஹெட்டை நான் வாங்கி வைத்திருக்கிறேன். மூடியைக் கழற்றி, வால்வ் தகடும் கீறிய சிலிண்டரும் தெரியும்படி ஒரு பலகையில் மாட்டிக்கொண்டிருக்கிறேன். எந்தப் பள்ளி கேட்டாலும் கொடுத்துவிடுவேன்.

கம்பிரஸர் கம்பெனிகளில் டிசைனிலும் விற்பனையிலும் இருக்கும் என் மாணவர்கள் குறைந்தது நான்கு பேரை எனக்குத் தெரியும். பெயர் சொல்லவில்லை, நீங்கள் படித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்பது தெரியும். ஹெட்டின் அடி போல்ட் இடைவெளியை விளம்பரத் தாளில் அச்சிட என்ன செலவு ஆகும்? எல்லாக் கம்பெனியும் ஒரே இடைவெளிக்கு வர யார் யாரிடம் பேச வேண்டும்? இந்த இரண்டுக்கும் எனக்குப் பதில் வேண்டும். "பார்க்கிறோம் சார்" என்பது பதிலில் சேராது.

இந்திரா நகர், மந்தாரக்குப்பம், வடலூர் பக்கம் இருப்பவர்களில் பத்து வருஷத்துக்கு மேலான டாங்க் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள். ஐந்தாறு சேர்ந்தால் ஒரே நாளில் தண்ணீர்ச் சோதனை செய்து தருவதாக அந்தப் பட்டறைக்காரர் சொல்லியிருக்கிறார். தகட்டில் அடித்திருக்கும் அழுத்த அளவையும் தயாரித்த வருஷத்தையும் போட்டோ எடுத்து அனுப்புங்கள். தகடே இல்லாத டாங்க் என்றால் அதையும் சொல்லுங்கள், அதற்குத்தான் முதல் இடம். காலை ஒன்பது மணிக்கு மேல் கூப்பிடலாம். மதியம் ஒன்றிலிருந்து நான்கு வரை வேண்டாம், தூங்குவேன்.